கதைக்குள் வராத ஆடு

1

“நீங்க எழுதறத நிறுத்திட்டு எழுந்து போயிட்டா, அந்தம்மா விடியற வரைக்கும் குடத்த இடுப்புல வெச்சிக்கினே நிக்குமா?”

இதைக் கேட்டவளுக்கு அப்போது ஆறு வயது. பெயர் சுலோசனா. திருப்பதியில் நானும் என் மனைவியும் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, வீட்டுக்காரரின் மகள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத்து, வீட்டில் அவள் அம்மா சொல்லிக்கொடுக்கும் தமிழ் எழுத்து என்று இரண்டையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணில் படுகிற எதையும் விடமாட்டாள். சோப்பு உறை, காலண்டர், அரிசி மூட்டையின் முத்திரை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பாள். ஒரு நாள் சாயங்காலம் என் சாய்வு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அன்று நான் எழுதியிருந்த கடைசித் தாளைப் படித்துவிட்டாள். அதன் கடைசி வரி இப்படி இருந்தது:

‘பொன்னியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசற்படி வரை வந்தாள். அங்கே

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது என்னுடைய அந்நாளைய வழக்கம். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால், மறுநாள் காலையில் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

“அது கதைம்மா” என்றேன்.

“கதைன்னா இடுப்பு வலிக்காதா?”

அதுவரை பதினொரு நாவல் எழுதியிருந்தேன். புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் உண்டு. ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பேனாவை மறுபடி எடுத்தேன். பொன்னியம்மாள் குடத்தை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் உட்காரும் வரை எழுதினேன். சுலோசனா அதையும் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கிப் போனாள்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. (இன்னோர் இடத்திலும் பிறந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏழாம் பகுதிக்குள் தைரியம் வந்துவிடும்.)

2

நாவல் எழுதுகிறவனின் நாள் எப்படி இருக்கும் என்று வாசகர்கள் கடிதத்தில் கேட்கிறார்கள். சொல்வதற்கு அதிகம் இல்லை.

கோவிந்தராஜ சுவாமி கோயிலில் காலை மேளம் தொடங்கும்போது எழுந்திருப்பேன். கிணற்றடியில் குளியல், நாமம், விளக்கு. இன்றைக்கும் எழுப்பிவிட்டாயே என்று மலைப்பக்கம் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு மேசை. மூன்றரைப் பக்கம் எழுதுவேன். அதற்கு மேல் எழுதினால் அது என் எழுத்தாக இருக்காது, என் அவசரத்தின் எழுத்தாக இருக்கும். ரேணிகுண்டாவுக்குப் போகும் காலைப் பாசஞ்சர் ஊதும்போது நிறுத்துவேன். காபி. என் மனைவி தாட்சாயணி காய் நறுக்கும்போது, எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பிடித்திருந்தால் “ம்” என்பாள். பிடிக்காவிட்டால் “உப்பு வாங்கணும்” என்பாள். பதினொரு மணிக்குத் தபாலாபீஸ். மத்தியானம் சிறு தூக்கம், வாசகர் கடிதங்களுக்குப் பதில். சாயங்காலம் அலிபிரி வரை நடந்து, மலையேறும் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புவேன்.

இந்தச் சித்திரை வரை பதினொரு வருஷத்தில் ஒரு காலைகூடத் தவறியதில்லை. காய்ச்சலில் எழுதியிருக்கிறேன். ஆந்திர ராஜ்யம் பிறந்த அன்று தெருவில் வாத்தியமும் ஊர்வலமும் போய்க்கொண்டிருந்தபோதும் மூன்றரைப் பக்கம் எழுதினேன். (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு.)

சுலோசனாவின் கேள்விக்குப் பிறகு ஒரு விதி கூடியது. யாரையும் நிற்க வைத்துவிட்டு நான் எழுந்திருக்கக் கூடாது. கோர்ட்டுப் படியேறுகிறவர் மேலே போய்ச் சேர்ந்து பெஞ்சில் உட்கார வேண்டும். பஸ்ஸில் போகிறவர் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு முறை ஒரு கிழவரின் கடைசி மூச்சு பாதியில் நின்றபோது ரயில் ஊதிவிட்டது. அன்று பத்து மணி வரை எழுதி அவரை வழியனுப்பிவிட்டுத்தான் காபி குடித்தேன்.

சிரிக்காதீர்கள். நான் உட்காரவைத்துவிட்டு வந்த பிறகு அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் மேசைக்குப் போகும்போது, இளைப்பாறி எழுந்த முகத்தோடு இருக்கிறார்கள். மூன்றரைப் பக்கத்துக்குள் இத்தனை பேர் வந்து நம்மை நம்பி நிற்பது எவ்வளவு பெரிய காரியம்!

3

இந்தக் கதையின் நடுப்பகுதியை எப்படித் தொடங்குவது என்று மூன்று காலைகள் போராடினேன்.

‘சென்ற ஐப்பசியில் ஒரு நாள், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே, மழை

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் என்னிடமே ஏழு இருக்கின்றன.

‘இறைவன் சில சமயம் நம்முடைய தாள்களைச் சிதறடிப்பது, அவற்றைப் பொறுக்கும் கைகளை நமக்குக் காட்டுவதற்காக

இதைப் படித்துக் காட்டியபோது தாட்சாயணி உப்பு வாங்கணும் என்றாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் என் பன்னிரண்டாவது நாவல் தொடராக வந்துகொண்டிருந்தது. சித்தூரில் ஒரு வக்கீல் வீட்டில் நடக்கும் கதை. அந்த வீட்டில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவள்தான் பொன்னியம்மாள். போன வருஷம், 1959 ஐப்பசியில், நான்கு அத்தியாயங்களை நேரில் கொடுப்பதற்காகப் பஸ் ஏறினேன். பையைக் கூரைமேல் போடச் சொன்னார் கண்டக்டர். திருத்தணியில் இறங்கிப் பார்த்தால் பையின் வாய் திறந்திருந்தது. வேட்டி இருந்தது, குடை இருந்தது. தாள்கட்டு இல்லை.

நாற்பத்திரண்டு தாள். பிரதி கிடையாது. பக்க எண்ணும் கிடையாது. எண் போடும் பழக்கமே எனக்கு அப்போது இல்லை. (இந்தக் கதையின் பகுதிகளுக்கு நான் எண் போட்டிருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.)

வீட்டுக்குத் திரும்பி வந்து ஐந்து காலைகள் உட்கார்ந்தேன். தொலைந்ததில் ஒரு வரியும் திரும்பி வரவில்லை. எழுதியதெல்லாம் உப்பு.

4

ஆறாம் நாள் காலை. தாட்சாயணி கோயிலுக்குப் போயிருந்தாள். மாடிப்படியில் ஒரு குரல் கேட்டது.

“எழுதற சாமி வூடு இதானா?”

ஐம்பது வயது இருக்கும். கூலி வேலையில் காய்ந்த உடம்பு. இடுப்பில் ஒரு துணி மூட்டை. செல்லியம்மா என்று பெயர் சொன்னாள். நகரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். (ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.)

“உங்க கடுதாசிங்க எங்க கடலக்காட்ல பறந்துக்கினு கெடந்திச்சி சாமி. கட்டு மொதல்ல வரப்புல தண்ணியில வுழுந்து ஊறியிருக்குது. அப்பறம் காத்து பிரிச்சி வாரி எறச்சிருக்குது. ஓடி ஓடிப் பொறுக்கினோம்.”

கடைசித் தாளின் அடியில் பெயரும் விலாசமும் எழுதுவது என் வழக்கம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

“ஈரமாயிருந்ததே, எப்படிக் காய்ந்தது?”

“வூட்டாண்ட பாற இருக்குது. அதுமேல பரப்பி, ஒவ்வொரு தாளு மேலயும் ஒரு கல்லு வெச்சேன். நாப்பத்திரெண்டு கல்லு. ரெண்டு நாளு ஒருத்தரயும் அந்தாண்ட போக உடல. கோழி வந்துச்சி, அதையும் ஒரே முடுக்கா முடுக்கினேன்.”

மூட்டையை இடுப்பில் வைத்தபடியே முடிச்சை அவிழ்த்துத் தாள்களை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மேல் தாளைப் பார்த்தேன். நாற்பத்திரண்டாவது. அதற்கடுத்தது நாற்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பது. கட்டு முழுவதும் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு தாள்கூட இடம் மாறவில்லை.

“இதை அடுக்கியது வாத்தியாரா?”

“வாத்தியாருக்கு ஏது நேரம்? நாந்தான்.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா அம்மா?”

“எனக்கு ஏது சாமி படிப்பு! கறையப் பாத்தேன். ஒண்ணுல தண்ணிக்கற பெருசா இருந்திச்சி, ஒண்ணுல சிறுசா இருந்திச்சி. கட்டா ஊறினா அடியில இருக்கறதுதான அதிகம் ஊறும்? பெருசுலருந்து சிறுசா வெச்சிக்கினே வந்தேன். கடேசி தாளுல ஒரு பொட்டு அளவுதான் கற.”

அந்தக் கடைசித் தாள்தான் என் முதல் தாள். அதன் மூலையில் பொட்டு அளவு கறை இருந்தது.

எழுத்து தெரிந்த நான் எண் போடவில்லை. எழுத்து தெரியாத அவள் தண்ணீர்க் கறையையே எண்ணாக வைத்துப் படித்துவிட்டாள். கோயிலில் திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அப்படிப் போட்டுக்கொண்டேன்.

5

“நான் உங்களுக்கு என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வாணாம் சாமி” என்றாள். படியில் ஓரடி இறங்கினாள். பிறகு திரும்பினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா?”

அவள் சொன்னது இது. சென்ற ஆடியில் அவர்கள் ஊரில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா. மாவிளக்குக்காக இடித்து மூலையில் வைத்த மாவு, விடிந்து பார்த்தால் பாதி இல்லை. மருமகள் மணியம்மா அப்போது மூன்று மாதக் கர்ப்பம்.

“பசி தாங்காம துன்னுட்டான்னு நெனச்சேன் சாமி. நெனச்சதோட உட்டேனா? தெருவையே கூட்டி வெச்சிக் கத்தினேன். சாமி மாவ துன்ன வாயா இதுடின்னு கேட்டேன். கட்டின பொடவயோட அவ நைனா வூட்டுக்கு நடந்துட்டா.”

ஆறு நாள் கழித்து அதே மூலையில் வேறு மாவு வைத்திருக்கிறாள். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அவர்களுடைய ஒற்றைக் கொம்பு ஆடு தட்டியை முட்டிக்கொண்டு உள்ளே புகுந்திருக்கிறது.

“மூஞ்சி பூரா மாவு சாமி. என்னியப் பாத்து நாக்க நக்குது.”

“அவள் அப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லையா?”

“மூணு வாட்டி போனேன். அவ நைனா துலுக்காணம் கதவத் தெறக்கல. எம்மவன் ரங்கனும் அங்கயே போயிட்டான், எங்கூட பேசறதில்ல. கடுதாசி போட்டாக்கா துலுக்காணம் வாங்கிக் கிழிச்சிடுவான்.”

“தெருவில் சொன்னீர்களா?”

“கத்தின அதே எடத்துல வுழுந்து கும்பிட்டுச் சொன்னேன். தெருவுக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.” மூட்டையை மறுபுறத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “மணியம்மா அஞ்சாவது படிச்சவ. உங்க கதய ஒரு வாரம் உடமாட்டா. வேல செய்யற எடத்துல மத்தியானம் சோறு துன்னும்போது எல்லாருக்கும் படிச்சிக் காட்டுவா. அதுல எழுதிடுங்க சாமி. மாவ துன்னது ஆடுன்னு.”

“அது ஒரு வக்கீல் வீட்டுக் கதை அம்மா.”

“வக்கீலு ஆடு வளக்க மாட்டாரா?”

“அந்தக் கதையில் ஆடே கிடையாது.”

“நீதான சாமி எழுதற?”

அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் ‘நீ’ என்றாள். கடவுளிடம் நாம் அப்படித்தான் பேசுகிறோம்.

“அவ திரும்பி வரணும்னு கேக்கல. அவ துன்னலன்னு எனக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

“பார்க்கிறேன் அம்மா” என்றேன்.

(‘பார்க்கிறேன்’ என்பது எழுத்தாளர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல். அதை நம்பி யாரும் ஊர் திரும்பக் கூடாது. அவள் நம்பித் திரும்பினாள்.)

6

மறுநாள் காலை:

‘வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஓர் ஆடு

எங்கிருந்து வந்தது? எதற்கு வந்தது? அடித்துவிட்டேன்.

‘“அப்படியானால் மாவைத் தின்றது யார்?” என்று நீதிபதி

இதற்குத் தாட்சாயணி உப்புகூட வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

எட்டு காலைகள் இப்படிப் போயின. இந்தச் செல்லியம்மாவை நம்பி ஒரு நாவலைக் கெடுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ஒன்பதாம் நாள் பொன்னியம்மாளை வாசற்படியில் உட்காரவைத்தேன், சுலோசனாவுக்காக முன்பு அவளை உட்காரவைத்த அதே படியில். குடத்தை இறக்கி வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டாள். நான் யோசிக்கும் முன்பே பொன்னியம்மாள் சொன்னாள்:

‘“எங்க ஊரு ஜாத்திரைக்கு வெச்ச மாவ மருமவ துன்னுட்டான்னு தெருவக் கூட்டிக் கத்தினேன்டி. துன்னது ஒத்தக் கொம்பு ஆடு. அவ இல்ல. தப்பு பண்ண வாயி என்னுது.”’

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். இருபத்தொரு அத்தியாயம் அவள் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு மருமகள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். அவள் ஏன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

தாட்சாயணி “ம்” என்றாள்.

அச்சுக் கோத்தவுடன் பத்திரிகையிலிருந்து எனக்கு இரண்டு புரூப் அனுப்புவார்கள். ஒன்றைத் திருத்தித் திருப்பி அனுப்புவேன், ஒன்று என்னிடம் இருக்கும். இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் புரூப் வந்தது. ஆடு இருந்தது, ஒற்றைக் கொம்போடு. ஆனால் பத்திரிகை வந்தபோது ஆடு இல்லை. பின்னாலேயே ஆசிரியர் நாகேந்திரனிடமிருந்து ஒரு கார்டு வந்தது.

‘அன்புள்ள ஐயா, இடம் போதவில்லை. அந்த ஆட்டுச் சமாசாரத்தை மட்டும் எடுத்தேன். கதைக்கு அதனால் குறைவில்லை.’

இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் வேறு விதமாக மறுபடி எழுதினேன். மறுபடி கார்டு.

‘ஆடு மீண்டும் வந்துவிட்டது. மீண்டும் ஓட்டிவிட்டேன். தங்கள் உடம்பு சௌக்கியம்தானே?’

நாகேந்திரன் நல்ல மனிதர். கதைத் தொழிலின்படி அவர் செய்தது சரி. காரணத்தை அவருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இரண்டு முறை முயன்றாகிவிட்டது, இனி என் மேல் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த மூன்றரைப் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

7

பங்குனி நடுவில் திருப்பதியில் எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. ஏப்ரல் முதல் தேதி முதல் எந்தெந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, எது ஆந்திரத்தில் நிற்கிறது என்று காபி ஓட்டலில் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பாஷையிலும் சண்டை. அந்த வாரம் செல்லியம்மா மறுபடி வந்தாள். மடியில் கொஞ்சம் வேர்க்கடலை கொண்டு வந்திருந்தாள்.

தாட்சாயணி வீட்டில் இருந்தாள். பாயை விரித்து, “உக்காரும்மா, மாடி ஏறி வந்திருக்கற” என்றாள். செல்லியம்மா உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அந்தப் பாயைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறைத்தது. வாசகரே, நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நானும் போய்ப் பார்த்தேன். அவள் மாடிப்படியில் நிற்கிறாள். மூட்டை இடுப்பில் இருக்கிறது. ஐந்தாம் பகுதி முழுவதும் நிற்கிறாள். மூட்டையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள். நானே அதை எழுதியிருக்கிறேன். ‘உட்காருங்கள் அம்மா’ என்ற சொல் எங்கும் இல்லை. இந்தக் கதை பிறந்த இன்னோர் இடம் இதுதான்.

‘செல்லியம்மா உட்கார்ந்தாள்’ என்று நான்காம் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். நடக்காததை எழுதுவது என் தொழில்தான். ஆனால் அந்த வரி மட்டும் பொய்.

“வாரா வாரம் வாத்தியாரு படிக்கறாரு, கேட்டுக்கினுதான் இருக்கேன்” என்றாள் அவள். “இன்னும் ஆடு வர்ல சாமி.”

“வரும் அம்மா.”

“வரட்டும், வரட்டும். எப்ப வரணுமோ அப்ப வரட்டும். தையில பேரன் பொறந்துக்கிறான். பாத்தவங்க சொன்னாங்க, மூக்கு எங்க வூட்டு மூக்காம்.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணாந்தேதியிலருந்து மணியம்மா ஊரு மெட்ராஸ்ல சேருதாமே? எங்க ஊரு இங்கயே நிக்குதாம். நடுவுல கோடு போட்டுட்டாக்கா, கத அந்தாண்ட போவுமா சாமி?”

“போகும் அம்மா. கதைக்குக் கோடு கிடையாது” என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் போன பிறகு தாட்சாயணி பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: “யாரையும் நிக்க வெச்சிட்டு எழுந்திருக்க மாட்டேன்னு சொல்வீங்களே?”

8

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. நாகேந்திரனுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதுகிறேன். அவர் மனம் உருகி, ஆட்டைக் கட்டம் கட்டி வெளியிடுகிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்போது ஆட்டைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கும். செல்லியம்மா கேட்டது ஒரு பெண்ணின் காதுக்கு மட்டும்.

இரண்டு. யாராலும் எடுக்க முடியாதபடி ஆட்டையே நடுவில் கட்டி ஒரு தனிக் கதை எழுதுகிறேன். அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கதையை எழுதி, அது அச்சாகி வர மாதங்கள் ஆகும். அதுவரை இடுப்பு வலிக்கும்.

மூன்று. மணியம்மா தானாகவே மனம் மாறி, குழந்தையை எடுத்துக்கொண்டு, அடுத்த ஜாத்திரையன்று

இல்லை. அவள் மனத்தை மாற்ற எனக்கு என்ன உரிமை? பழி சுமந்தவள் அவள்.

உங்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: ஐயா, நீர் ஒரு பஸ் ஏறி அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனால் என்ன? உண்மைதான். ஆறு மாதம் அது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு வாக்கியம் பயன்படாவிட்டால் இன்னொரு வாக்கியத்தைத் தேடுவேனே தவிர, பஸ் ஸ்டாண்டைத் தேடமாட்டேன். இத்தனை வருஷம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததில் வந்த குறை அது.

9

சித்திரை இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. மேளச் சத்தத்தில் எழுந்தேன். குளித்தேன். நாமம் இட்டேன். மேசையில் உட்காரவில்லை. பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் காலை. என்னிடம் மீதியிருந்த புரூப், இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் அச்சுத் தாள், அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தாட்சாயணி ஒரு பொட்டலத்தில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

இந்த முறை பை என் மடியில் இருந்தது. புத்தூர். நகரி. நகரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையோரம் ஒரு புது எல்லைப் பலகை. பெயின்ட் வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. அதைத் தாண்டிய பிறகும் அதே கடலைக்காடு, அதே பனைமரங்கள். டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மணியம்மாவின் ஊர்த் திருப்பத்தில் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன்.

“கத படிக்கற பொண்ணா? துலுக்காணம் மவ. அதோ அந்தக் காட்ல கடல புடுங்கிக்கினு இருக்குது பாருங்க. நீங்க யாரு, தபாலா?”

“ஆமாம்” என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

எட்டுப் பத்துப் பெண்கள் முதுகைக் காட்டி வரிசையாகக் குனிந்து, என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் மணியம்மா யார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. வரப்போரத்துப் புங்க மரத்தடியில் அவர்களுடைய கூழ்ச்சட்டிகள் இருந்தன. கிளையில் ஒரு தூளி. பக்கத்தில் கல்மேல் அந்த வாரத்துப் பத்திரிகை.

தூளிக்குள் பார்த்தேன். மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செல்லியம்மாவின் மூக்கேதான். பன்னிரண்டு நாவல்களில் எத்தனையோ மூக்குகளை வருணித்திருக்கிறேன். இதற்கு என்னிடம் சொல் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த மரத்தடியில் ஓர் ஆடும் கட்டியிருந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள். நாகேந்திரன் என்றால் இந்த இடத்தில் அதை எடுத்துவிடுவார். ஆனால் அது கட்டியிருந்தது. இரண்டு கொம்பும் முழுதாக இருந்த வெள்ளாடு. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் சிறிது நேரத்தில் வெயில் உச்சிக்கு வரும். பெண்கள் மரத்தடிக்கு வருவார்கள். கூழைக் குடிப்பார்கள். மணியம்மா பத்திரிகையைப் பிரித்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்குவாள். அந்தத் தாள் வரும். அந்த வரி வரும். அங்கே அவள் குரல் என்ன ஆகும், மற்றப் பெண்கள் என்ன சொல்வார்கள், அன்று மாலை அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள் என்றெல்லாம் எழுத எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அது அவளுடையது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், இதைப் படிக்கிற நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் யாரையும் நிற்க வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

பத்திரிகையில் என் தொடர் வரும் பக்கத்தைப் பிரித்து, புரூப்பை அதற்குள் வைத்தேன். ஆட்டின் கயிறு எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்து, அதற்கு அப்பால், தூளியின் நிழலில் பத்திரிகையை வைத்தேன். வரப்பில் ஒரு கல் தேடினேன். மண்ணைத் துண்டால் துடைத்தேன்.

அவள் எனக்கு வைத்தது நாற்பத்திரண்டு கல். நான் வைத்தது ஒன்று.

பெண்கள் யாரும் திரும்பவில்லை. குழந்தை விழிக்கவில்லை. நான் சாலைக்கு ஏறும்போது காட்டின் மேல் காற்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். தூளி ஆடியது, தாள் அசையவில்லை.